டேட்டா பெருகினால் பங்கும் ஏறுமா? ப்யூர் ஸ்டோரேஜை எப்படிப் பார்ப்பது

கேள்வி இதுதான்: ப்யூர் ஸ்டோரேஜ் என்ற அமெரிக்க டேட்டா சேமிப்பு நிறுவனம் ஆண்டுதோறும் வளர்கிறது. ஏஐ வந்த பிறகு டேட்டாவும் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. அப்படியானால் பத்து ஆண்டு வைத்திருக்க நினைக்கும் முதலீட்டாளருக்கு இந்தப் பங்கு ஏற்றதா?

நிறுவனம் நல்லது. பங்கு நல்லதா என்பது வாங்கும் விலையைப் பொறுத்தது. அந்தக் கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். ஆனால் கேள்வியில் உள்ள "டேட்டா பெருகுகிறது" என்ற பகுதியை முதலில் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். அது பங்கு வாங்கக் காரணமே இல்லை.

1956ல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் என்ற இயந்திரம்தான் உலகின் முதல் ஹார்டு டிஸ்க் கொண்ட கணினி. அதன் கொள்ளளவு சுமார் 5 மெகாபைட். மாத வாடகை 3,200 டாலர். அன்று தொடங்கி டேட்டா பெருகாத ஆண்டு என்று ஒன்று இல்லை. ஆனால் இந்தக் காலத்தில் ஹார்டு டிஸ்க் தயாரிக்க இறங்கிய நிறுவனங்கள் 200க்கும் மேல். இன்று மிச்சம் இருப்பவை மூன்றே மூன்று: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மற்றவை மூடப்பட்டன, அல்லது ஒன்றை ஒன்று விழுங்கின. தேவை குறைந்ததால் அவை அழியவில்லை. தேவை எவ்வளவு வேகமாக ஏறியதோ, கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஒரு பைட்டின் விலை இறங்கியது. வாங்குகிறவரின் பட்ஜெட் பெரிதாக மாறவே இல்லை. அதே காசுக்கு அவருக்குப் பத்து மடங்கு இடம் கிடைத்தது, அவ்வளவுதான். இந்தத் தொழிலில் தொழில்நுட்ப முன்னேற்றத்தின் பலன் பெரும்பாலும் வாடிக்கையாளர் பைக்குத்தான் போகும்.

சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் டேட்டாவைச் சேமிக்கும் ஃபிளாஷ் வந்தபோதும் இதே கதை நடந்தது, இன்னும் வேகமாக. ஃப்யூஷன்-ஐஓ என்ற நிறுவனம் 2011 ஜூனில் பங்குக்கு 19 டாலர் என்று சந்தைக்கு வந்தது. சர்வருக்குள் செருகும் அதிவேக ஃபிளாஷ் அட்டைகளை விற்றார்கள். தொழில்நுட்பம் உண்மையிலேயே அபாரம். ஆனால் விற்பனையின் பெரும்பகுதி ஃபேஸ்புக், ஆப்பிள் என்ற இரண்டே வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது. 2013ல் அந்த இருவரும் ஆர்டரைக் குறைத்தார்கள், பங்கு சரிந்தது. 2014ல் ஃபிளாஷ் சிப் தயாரிப்பாளரான சான்டிஸ்க் பங்குக்கு 11.25 டாலர் கொடுத்து நிறுவனத்தையே வாங்கிவிட்டது. வயலின் மெமரி 2013 செப்டம்பரில் 9 டாலருக்கு வந்தது. 2016 டிசம்பரில் திவால் நீதிமன்றத்தில் நின்றது. நிம்பிள் ஸ்டோரேஜ் 2013 டிசம்பரில் 21 டாலருக்கு வந்து, 2017ல் ஹெச்பிஇ-யிடம் (ஹியூலெட் பேக்கர்ட் எண்டர்பிரைஸ்) 12.50 டாலருக்குப் போனது. மூன்றுமே "வளர்ந்துவரும் டேட்டா சேமிப்பு நிறுவனம்" என்ற அடைமொழியோடுதான் விற்கப்பட்டன.

இந்தப் பட்டியலில் சேராமல் தப்பிய ஒன்று ப்யூர். 2009ல் ஜான் கோல்க்ரோவ், ஜான் ஹேய்ஸ் இருவரும் தொடங்கினார்கள். 2015 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தபோது விலை 17 டாலர். முதல் நாளே அதற்குக் கீழே முடிந்தது. அப்புறம் நடந்ததைக் கவனித்தால் பாடம் அங்கேயே இருக்கிறது. 2016 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் விற்பனை வருமானம் 44 கோடி டாலர். 2021 ஜனவரியில் முடிந்த ஆண்டில் 168 கோடி டாலர். ஐந்தே ஆண்டில் கிட்டத்தட்ட நாலு மடங்கு. பங்கு? 2020 அக்டோபரில் அது மறுபடியும் 17 டாலரைச் சுற்றித்தான் நின்றுகொண்டிருந்தது. இடையில் 2020 மார்ச் பீதியில் 10 டாலருக்குக் கீழேயும் போய் வந்தது. அந்த ஐந்து ஆண்டில் நிறுவனத்தின் வளர்ச்சி பற்றி யார் கணித்திருந்தாலும் சரியாகவே கணித்திருப்பார்கள்; காசு மட்டும் வந்திருக்காது.

சரி, மற்றவை அழிந்தபோது இது எப்படி நின்றது? இரண்டு காரணங்களைச் சொல்வேன்.

முதலாவது, இவர்கள் எஸ்எஸ்டி (ஃபிளாஷ் சிப்புகளால் ஆன டிரைவ்) வாங்கிப் பெட்டியில் அடுக்கி விற்கும் வேலையை விட்டுவிட்டார்கள். சாதாரண எஸ்எஸ்டி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னக் கணினி உண்டு. எந்த டேட்டாவை எந்தச் செல்லில் எழுதுவது, தேய்ந்துபோன பகுதியை எப்படி ஒதுக்குவது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது ஒரு ஹார்டு டிஸ்க் போலவே தெரியும். பழைய மென்பொருள்களோடு ஒத்துப்போக அப்படி ஒரு வேஷம். ப்யூர் அந்த வேஷத்தைக் கலைத்தது. நேண்ட் ஃபிளாஷ் சிப்புகளை நேராக வாங்கி, டைரக்ட்ஃபிளாஷ் என்ற சொந்த மாட்யூலில் வைத்து, மொத்தப் பெட்டியில் உள்ள சிப்புகள் அனைத்தையும் ப்யூரிட்டி என்ற ஒரே மென்பொருள் நிர்வகிக்கும்படி செய்தது. இதனால் ஒவ்வொரு டிரைவுக்குள்ளும் தனியாகத் தேவைப்படும் டிராம் நினைவகம் குறைகிறது, சிப்புகளின் ஆயுள் கூடுகிறது, ஒரே மாட்யூலில் அதிகம் அடைக்க முடிகிறது. 75 டெராபைட், அடுத்து 150 டெராபைட் என்று போய், 300 டெராபைட் மாட்யூலையும் திட்டத்தில் வைத்திருக்கிறார்கள். அடர்த்தி என்றால் இங்கே இடம், மின்சாரம், குளிரூட்டல் எல்லாம் சேர்ந்தது. 30 டெராபைட் ஹார்டு டிஸ்கில் ஒரு எக்சாபைட்டை, அதாவது பத்து லட்சம் டெராபைட்டை, வைக்க 33,000க்கு மேல் டிஸ்க் வேண்டும். 150 டெராபைட் மாட்யூல் என்றால் சுமார் 6,700 போதும்.

இரண்டாவது, எவர்கிரீன் என்ற சந்தாத் திட்டம். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பொறியியலைவிட வணிகத்தில்தான் இவர்கள் அதிகம் புத்திசாலிகள். நிறுவனங்களுக்கு விற்கும் சேமிப்புக் கருவிகளில் பழைய வழக்கம் என்னவென்றால், நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை பராமரிப்புக் கட்டணத்தைத் தாறுமாறாக ஏற்றுவார்கள். வாடிக்கையாளர் வேறு வழியில்லாமல் பழைய பெட்டியைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்குவார். டேட்டா முழுவதையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மாதக்கணக்கில் ஆகும். வார இறுதிகளில் தூக்கம் போகும். 2015ல் ப்யூர் இதை உடைத்தது. சந்தா கட்டிவந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கட்டுப்பாட்டுப் பகுதி புதிதாக வரும், பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவார்கள், டேட்டா இருந்த இடத்திலேயே இருக்கும். குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யாமல் ஒவ்வோர் அறையாகப் புதுப்பிப்பது மாதிரி.

முதலீட்டாளர் கண்ணால் பார்த்தால், மறுபடி மறுபடி விலை பேச வேண்டிய தருணத்தையே இது ஒழித்துவிடுகிறது. போட்டியாளர் உள்ளே நுழைவது பொதுவாக அந்தத் தருணத்தில்தான். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் முடிந்த நிதியாண்டில் மொத்த வருமானம் 317 கோடி டாலர். அதில் சந்தா வகையில் வந்தது சுமார் 150 கோடி. இன்னும் வழங்கப்படாத, ஆனால் ஒப்பந்தம் ஆகிவிட்ட பாக்கி வருமானம் சுமார் 260 கோடி. இது திடமான எண்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை. "சந்தா வருமானம் 47 சதவீதம்" என்றதும் சிலர் இதை மென்பொருள் நிறுவனம் மாதிரி மதிப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். பழைய நிறுவனங்கள் பராமரிப்புக் கட்டணம் என்று அழைத்துவந்த தொகைக்கும் இந்தச் சந்தாவில் ஒரு பங்குக்கும் பெரிய வித்தியாசமில்லை. பெட்டி விற்றால்தான் அந்தச் சந்தாவும் வரும். பழைய சேமிப்பு நிறுவனமான நெட்ஆப்புக்கும் ஆதரவு, பராமரிப்பு என்று பெரிய தொகை ஆண்டுதோறும் வருகிறது. அதை யாரும் மென்பொருள் நிறுவனம் என்று கொண்டாடுவதில்லை.

எவர்கிரீன் ஒன் என்பது வேறு வகை. அதில் வாடிக்கையாளர் பெட்டியை வாங்குவதே இல்லை. பயன்படுத்தும் அளவுக்குக் கட்டணம். இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. பெட்டியாக விற்றிருந்தால் அந்தக் காலாண்டிலேயே முழுத் தொகையும் வருமானமாக ஏறியிருக்கும். சந்தா என்றால் பல ஆண்டுக்குப் பிரிந்துபோகும். 2024 பிப்ரவரியில் முடிந்த ஆண்டில் வருமானம் 275 கோடியிலிருந்து 283 கோடிக்கு, வெறும் 3 சதவீதம் மட்டும் உயர்ந்ததற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம். ஆகவே ஒரு காலாண்டு வருமானம் மந்தமாக இருந்தால் உடனே பதற வேண்டாம். ஒப்பந்தப் பாக்கி ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து மந்தமானால் பதறலாம்.

இப்போது எல்லோரும் பேசும் விஷயத்துக்கு வருவோம்: ஹைப்பர்ஸ்கேலர்கள். மெட்டா, கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மாதிரி பிரம்மாண்டமான டேட்டா சென்டர்களைச் சொந்தமாகக் கட்டுகிறவர்கள். இவர்களிடம் உள்ள டேட்டாவில் பெரும்பகுதி இன்றும் சுழலும் ஹார்டு டிஸ்கில்தான் கிடக்கிறது. இவர்கள் பெட்டி வாங்க மாட்டார்கள். உதிரிகளை மொத்தமாக வாங்கித் தாங்களே கட்டிக்கொள்வார்கள். அதனால் பத்துப் பதினைந்து ஆண்டாக ப்யூர் போன்ற நிறுவனங்களுக்கு இந்தக் கதவு மூடியே கிடந்தது. 2024 டிசம்பரில் ஒரு பெரிய ஹைப்பர்ஸ்கேலர் தங்கள் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதாக ப்யூர் அறிவித்தது. அது மெட்டா என்று பின்னர் தெரிந்தது. மெட்டா 2022ல் அறிவித்த ஏஐ ஆராய்ச்சிக் கணினியிலேயே ப்யூர் கருவிகள் இருந்தன என்பதால் இருவருக்கும் பழைய பழக்கம் உண்டு.

இந்த ஒப்பந்தத்தின் அமைப்பு சுவாரசியமானது. நேண்ட் சிப்புகளை மெட்டா நேராகத் தயாரிப்பாளரிடம் வாங்கிக்கொள்ளும். ப்யூருக்குக் கிடைப்பது மென்பொருளுக்கும் வடிவமைப்புக்குமான உரிமத் தொகை. ஆகவே வருமானமாகப் பார்த்தால் சின்னது, லாப விகிதமாகப் பார்த்தால் மிகப் பெரியது. 100 டாலர் பெட்டி விற்றால் பொருட்செலவு, சேவைச் செலவு போக மிஞ்சுவது சுமார் 70 டாலர். உரிமத்தில் கிட்டத்தட்ட முழுதுமே மிஞ்சும். 2026 தொடக்கத்தில் முடிந்த நிதியாண்டில் 1 முதல் 2 எக்சாபைட் வரை நிறுவப்படும் என்று நிறுவனம் முன்கூட்டிச் சொல்லியிருந்தது. ஹைப்பர்ஸ்கேலர்களிடம் உள்ள மொத்த டேட்டாவோடு ஒப்பிட்டால் இது ஓரத்தில் ஒரு துளி. நம்பிக்கை வைக்கிறவர்கள் காட்டுவதும் இந்தத் துளியைத்தான்: இத்தனை சின்னதாக இருந்தால் வளர எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள் என்கிறார்கள்.

நான் இதில் பாதி தூரம்தான் கூட வருவேன். தொழில்நுட்பம் வேலை செய்கிறது என்பதற்கு மெட்டாவைவிடக் கண்டிப்பான தேர்வாளர் கிடையாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹைப்பர்ஸ்கேலர் என்ற வாடிக்கையாளரின் குணம் என்ன? ஒரு பொருளுக்கு ஆண்டுக்குச் சில கோடி டாலர் கொடுக்கும்வரை பேசாமல் கொடுப்பார்கள். தொகை நூறு கோடியைத் தொட்டால் இருபது பொறியாளர்களை உட்காரவைத்துத் தாங்களே எழுதிக்கொள்ள முடியுமா என்று பார்ப்பார்கள். சர்வரில் அதைச் செய்தார்கள், நெட்வொர்க் ஸ்விட்சில் செய்தார்கள், சிப்பிலும் செய்துகொண்டிருக்கிறார்கள். ஃப்யூஷன்-ஐஓ-வை உயர்த்திய அதே ஃபேஸ்புக்தான் இன்று மெட்டா என்ற பெயரில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ப்யூர் பக்கத்தில் நியாயம் என்னவென்றால், நேண்ட் சிப்பை நேராகக் கையாளும் மென்பொருளில் பத்தாண்டுக்கு மேலான உழைப்பு இருக்கிறது. சிப் தயாரிப்பாளர் ஒவ்வொரு தலைமுறை மாற்றும்போதும் அதைத் திருத்தி எழுத வேண்டும். அந்தத் தலைவலியை வெளியே கொடுத்துவிடுவது மெட்டாவுக்கும் வசதி. இரண்டாவது, மூன்றாவது ஹைப்பர்ஸ்கேலர் பெயர் வெளியே வரும்வரை நான் இதை ஒரு வாய்ப்பாகத்தான் எண்ணுவேன். வருமானமாக எண்ண மாட்டேன்.

ஹார்டு டிஸ்க் செத்துவிடும் என்ற ஆரூடத்தையும் இங்கே தொட்டுவிடலாம். 2028க்குப் பிறகு புதிய ஹார்டு டிஸ்க் விற்பனையே இருக்காது என்று 2023ல் ப்யூர் நிர்வாகி ஒருவர் சொன்னார். அதன் பிறகு நடந்தது வேடிக்கை. சீகேட் லேசர் சூட்டில் எழுதும் முறையைக் கொண்டு 30 டெராபைட்டைத் தாண்டியது. 2025ல் பெரிய டிஸ்குகளுக்குத் தட்டுப்பாடே வந்து, சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் பங்குகள் பல மடங்கு ஏறின. வெஸ்டர்ன் டிஜிட்டலிலிருந்து 2025 பிப்ரவரியில் பிரிந்த சான்டிஸ்க் அதைவிட ஏறியது. அந்த ஆண்டு முழுக்க, "சாதாரணச் சரக்கு" என்று ஒதுக்கப்பட்டவர்களை வாங்கியவர்தான் ப்யூரை வாங்கியவரைவிட அதிகம் சம்பாதித்தார். தொழில்நுட்பத்தில் யார் சரி என்பதும் பங்கில் யார் சம்பாதிப்பார் என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

சிப்பில் அப்படித் தட்டுப்பாடு வந்தால் அது ப்யூரையும் தொடும். நேண்ட் சிப் தயாரிப்பது பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், கியோக்ஸியா, மைக்ரான், சான்டிஸ்க் என்ற ஐவர். இவர்கள் தொழில் ஊஞ்சல் மாதிரி ஆடுவது. மைக்ரானின் வருமானம் 2022 நிதியாண்டில் 3,076 கோடி டாலராக இருந்து அடுத்த ஆண்டே 1,554 கோடியாகப் பாதியானது, நஷ்டம் சுமார் 580 கோடி. அந்த மலிவுக் காலத்தில்தான், 2023 மார்ச்சில், மூன்று ஆண்டு சேவையும் சேர்த்து ஒரு ஜிகாபைட் 20 சென்ட்டுக்குக் கீழே என்று ஃபிளாஷ்பிளேடு இ என்ற மலிவுப் பெட்டியை ப்யூர் இறக்கியது. ஹார்டு டிஸ்கின் இடத்தைப் பிடிக்கிறோம் என்ற வாதம் அன்று எடுபட்டது. சிப் விலை ஏறும்போது அதே வாதம் பலவீனமாகும்: ஃபிளாஷுக்கும் டிஸ்குக்கும் இடைவெளி விரியும், ப்யூர் தன் விலையை ஏற்ற வேண்டும், அல்லது லாபத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உயர்தரப் பெட்டிகளில் ஏற்றிவிடலாம். மலிவு விலையில் டிஸ்கோடு மோதும் பெட்டிகளில் முடியாது.

போட்டி பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. டெல், நெட்ஆப், ஹெச்பிஇ, ஐபிஎம், ஹிட்டாச்சி எல்லாம் பழைய ஆட்கள். அவர்களிடமிருந்து வாடிக்கையாளரைப் பறிப்பதில் ப்யூர் தேர்ந்துவிட்டது. எனக்குக் கவலை தருவது வாஸ்ட் டேட்டா. 2016ல் தொடங்கிய தனியார் நிறுவனம், ஏஐ பயிற்சிக்கான சேமிப்பையே குறிவைத்தது. 2023 டிசம்பரில் 910 கோடி டாலர் மதிப்பில் நிதி திரட்டியது. 2025 நவம்பரில், ஏஐ கணினிகளை வாடகைக்கு விடும் கோர்வீவ் நிறுவனத்தோடு 117 கோடி டாலர் ஒப்பந்தம் அறிவித்தது. ஏஐ கணினி மையங்கள் என்ற புதிய நிலத்தில் ப்யூருக்குத் தனி உரிமை எதுவும் இல்லை என்பதை இது காட்டுகிறது.

கணக்குக்கு வருவோம். பலர் வாசிக்காமல் தாண்டும் பக்கம் இது.

2025 பிப்ரவரியில் முடிந்த ஆண்டில் ப்யூரின் இயக்க லாபம் எவ்வளவு என்று கேட்டால் இரண்டு பதில் உண்டு. நிறுவனம் தன் விளக்கப் படங்களில் முன்னால் வைப்பது சுமார் 56 கோடி டாலர், வருமானத்தில் 17.7 சதவீதம். கணக்கியல் விதிப்படி வருவது 8.5 கோடி டாலர், 2.7 சதவீதம். இந்த 47 கோடி வித்தியாசத்தில் பெரும்பகுதி ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு கொடுக்கும் பங்குகள். காசாக வெளியே போகவில்லை, அதனால் இது செலவில்லை என்பது நிறுவனங்களின் வாதம். எனக்கு இது ஒருபோதும் ஒப்பவில்லை. அந்தப் பங்குகளைக் கொடுக்காவிட்டால் சிலிக்கான் பள்ளத்தாக்கில் அந்தப் பொறியாளர்கள் வேலைக்கு வரமாட்டார்கள். அப்படியானால் அது சம்பளம்தான். பங்குகளைத் திரும்ப வாங்குகிறோம் என்று அறிவிப்புகள் வருகின்றன, உண்மைதான், ஆனால் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை குறையவில்லை. 33 கோடியை ஒட்டியே நிற்கிறது. திரும்ப வாங்கச் செலவாகும் காசு, ஊழியர்களுக்குப் புதிதாகக் கொடுத்ததை ஈடுகட்டவே சரியாகப் போகிறது.

அதே ஆண்டின் ஃப்ரீ கேஷ் ஃபுளோ, அதாவது தொழிலில் வந்த காசில் கருவி, கட்டடச் செலவு போக மிஞ்சியது, சுமார் 52.7 கோடி டாலர். நிகர லாபம் 10.7 கோடி. ஆராய்ச்சிக்குச் செலவு சுமார் 80 கோடி, அதாவது வருமானத்தில் நாலில் ஒரு பங்கு. இந்தக் கடைசி எண் எனக்குப் பிடித்த எண். இரு மடங்கு பெரிய நெட்ஆப், ஆராய்ச்சிக்குச் செலவிடுவது சுமார் 100 கோடிதான். ப்யூர் நாளைக்கே ஆராய்ச்சியைப் பாதியாக வெட்டினால் லாபம் பிரமாதமாகத் தெரியும், ஐந்து ஆண்டில் நிறுவனம் நிம்பிள் வழியில் போகும்.

2025ன் இரண்டு நாள்களைப் பாருங்கள். ஆகஸ்ட் இறுதியில், காலாண்டு வருமானம் 13 சதவீதம் ஏறி 86.1 கோடி டாலர் என்று அறிவித்த மறுநாள் பங்கு 32 சதவீதம் ஏறியது. டிசம்பர் தொடக்கத்தில் வருமானம் 16 சதவீதம் ஏறி 96.4 கோடி என்று, அதாவது இன்னும் நல்ல வளர்ச்சியை அறிவித்த மறுநாள் சுமார் 27 சதவீதம் விழுந்தது. வரும் கூடுதல் லாபத்தில் ஒரு பகுதியை ஆராய்ச்சியிலும் விற்பனையிலும் மறுபடி போடப்போகிறோம் என்று நிர்வாகம் சொன்னதுதான் பலருக்குக் கசந்தது. நிறுவனம் மூன்று மாதத்தில் கால் பங்கு மோசமாகிவிடவில்லை. 90 டாலருக்கு மேல் இருந்த விலையில் ஹைப்பர்ஸ்கேலர் கனவு முழுதாக ஏற்றப்பட்டிருந்தது. 70 டாலர் அருகே வந்தபோது பாதி இறக்கப்பட்டது.

அந்த 70 டாலரையே வைத்துக் கணக்குப் போடுவோம். 33 கோடிப் பங்குகள் என்றால் மொத்த மதிப்பு சுமார் 2,300 கோடி டாலர். 52.7 கோடி ஃப்ரீ கேஷ் ஃபுளோவுக்கு இது 44 மடங்கு. ஊழியர் பங்குச் செலவு சுமார் 40 கோடியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 180 மடங்கு. இது கடந்த கால எண். வளர்கிற நிறுவனத்தை அதை மட்டும் வைத்து எடைபோடுவது நியாயமில்லை. ஆகவே எதிர்த் திசையிலிருந்து வருவோம். பத்து ஆண்டு, ஆண்டுக்கு 10 சதவீதம் வேண்டும் என்றால் 2,300 கோடி அப்போது சுமார் 6,000 கோடி ஆக வேண்டும். அந்த நாளில் சந்தை லாபத்தைப் போல் 20 மடங்கு கொடுக்கும் என்று வைத்தால், உண்மையான நிகர லாபம் ஆண்டுக்கு 300 கோடி டாலர் தேவை. நெட்ஆப் மாதிரி முதிர்ந்த நிறுவனத்தின் நிகர லாப விகிதம் சுமார் 18 சதவீதம். ப்யூரும் அந்த அளவை எட்டினால் வருமானம் 1,670 கோடி ஆக வேண்டும். 2026 தொடக்கத்தில் முடிந்த நிதியாண்டுக்கு நிறுவனம் முன்கூட்டிச் சொல்லியிருந்த 363 கோடியிலிருந்து அங்கே போக, பத்து ஆண்டும் விடாமல் 16, 17 சதவீதம் வளர வேண்டும். உரிம வருமானம் பெருகி லாப விகிதம் 25 சதவீதம் ஆனால் 1,200 கோடி வருமானம் போதும், வளர்ச்சி 13 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் சரி.

ஹைப்பர்ஸ்கேலர் விவகாரம் முக்கியமாவது இங்கேதான். அது இல்லாமல் இந்த நிறுவனம் 12, 13 சதவீதம் வளரும், லாபம் மெல்ல மெல்ல நெட்ஆப் அளவுக்கு ஏறும். அப்போது 70 டாலர் கொடுத்தவருக்குப் பத்து ஆண்டில் சுமாரான பலன்தான், 90 டாலர் கொடுத்தவருக்கு ஏமாற்றம். அது இருந்தால் கணக்கு சுலபமாகிறது. 70 டாலர் என்பது அந்த உரிம வருமானம் ஓரளவு வந்தே தீரும் என்று நம்பிக் கொடுக்கும் விலை. என் கைக்காசு என்றால் 50க்குக் கீழே ஆர்வமாக வாங்குவேன், 70ல் கொஞ்சம் வாங்கி வைத்துக் காத்திருப்பேன், 90க்கு மேல் தொட மாட்டேன். இந்தப் பங்கு அந்த மூன்று விலையையும் ஒரே ஆண்டுக்குள் காட்டக்கூடியது என்பதால் காத்திருப்பதில் நஷ்டமில்லை. வேறொருவரின் வயதும் கடனும் தேவையும் எனக்குத் தெரியாது. அதனால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மேலே உள்ள கணக்கில் தங்கள் அனுமானத்தைப் போட்டுப் பாருங்கள்.

வாங்கியவர் காலாண்டு அறிக்கையில் தலைப்பு எண்களை விட்டுவிட்டு மூன்று இடத்தைத் திருப்பிப் பார்க்கலாம். ஒப்பந்தப் பாக்கி வருமானம், மொத்த வருமானத்தைவிட வேகமாக ஏறுகிறதா. பெட்டி விற்பனையின் லாப விகிதம், சிப் விலை ஏறும்போதும் தாக்குப்பிடிக்கிறதா. மூன்றாவது ஆண்டறிக்கையில் இருக்கும்: மொத்த வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தரும் வாடிக்கையாளர் யாராவது இருந்தால் அமெரிக்க விதிப்படி அதைச் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலும் பெயர் போட மாட்டார்கள், "ஒரு வாடிக்கையாளர்" என்று மட்டும் இருக்கும். அந்த ஆண்டு வருமானம் அட்டகாசமாக ஏறியிருக்கும், பங்கும் பறக்கும். ஒரே ஒருவர் என்றால் நான் அந்த ஏற்றத்தில் கொஞ்சம் விற்பேன். இருவர் மூவர் என்றால் வைத்துக்கொள்வேன்.